முதல் பத்து குப்பி

மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குகிற சமயமும் கரும்பு வெட்டும் நெல் அறுப்பும் வந்தால் எங்கள் கேசுவாலிட்டியில் கண்ணாடி டெஸ்ட் டியூபுக்குத் தட்டுப்பாடு வந்துவிடும். பாம்புக்கடி என்றால் ஊசி, மருந்து, ஆக்சிஜன் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். எங்களுக்கு முதலில் வேண்டியது சில்லறைக் காசு பெறாத அந்தக் கண்ணாடிக் குழாய்.

வட தமிழ்நாட்டில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். கீழே வருகிற ஆட்களும் யார் என்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் வருவார்கள்.

கடிபட்டவர் வந்ததும் நரம்பிலிருந்து 2 மில்லி ரத்தம் எடுத்து, புதுசான, காய்ந்த கண்ணாடி டியூபில் விட்டு, 20 நிமிடம் யாரும் தொடாமல் வைக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு தடவை மெதுவாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கட்டியாகி அடியிலேயே உட்கார்ந்திருந்தால் இப்போதைக்குச் சரி. தண்ணீர் மாதிரி ஓடி வந்தால் விரியன் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது, ரத்தத்தில் உறைவதற்கான சரக்கு தீர்ந்துபோய்விட்டது என்று அர்த்தம். பிளாஸ்டிக் டியூபில் இதைச் செய்யக்கூடாது. கண்ணாடியின் பரப்பு பட்டால்தான் ரத்தம் உறைய ஆரம்பிக்கும், பிளாஸ்டிக்கில் நல்ல ரத்தமே உறையாமல் கிடந்து நம்மை ஏமாற்றும். சோப்புப் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடியும் அதே கதைதான். அதனால்தான் சீசனில் புது டியூபுக்கு அடித்துக்கொள்கிறோம். லேப் வேண்டாம், கரண்ட் வேண்டாம், ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கூடப் பார்க்கலாம். இவ்வளவு மலிவாக இவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லும் பரிசோதனை வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

அந்த 20 நிமிடம் இருக்கிறதே, அதுதான் கஷ்டம். கூட வந்த ஏழெட்டுப் பேரும் சுற்றி நின்று, "ஊசி போடாம கடிகாரத்தப் பாத்துட்டு நிக்கிறீங்களே சிஸ்டர்" என்று சத்தம் போடுவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பாம்புக்கடி மருந்து கடித்த எல்லோருக்கும் போடுகிற தடுப்பூசி இல்லை. கடிப்பதில் பெரும்பாலானவை விஷமில்லாத பாம்புகள். விஷப்பாம்பே கடித்தாலும் பல சமயம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். விஷம் ஏறியதற்கு அடையாளம் தெரிந்தால்தான் மருந்து. அதேபோல, அடையாளம் கண் எதிரிலேயே இருந்தால் 20 நிமிடத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது: ஈறில் ரத்தம் கசிகிறது, இமை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது, வீக்கம் மூட்டைத் தாண்டி விறுவிறுவென்று ஏறுகிறது என்றால் டியூப் ஒரு பக்கம் இருக்கட்டும், மருந்தைக் கலக்க ஆரம்பித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் எப்போதும் ஒரு கேள்வி வரும். எந்தப் பாம்பு என்று தெரியாமல் எப்படி மருந்து போடுவீர்கள்? அதற்காகவே அடித்த பாம்பைச் சாக்குப் பையிலும் பெயின்ட் டப்பாவிலும் தண்ணி பாட்டிலிலும் போட்டு எடுத்து வருகிறார்கள். ஒருவர் உயிரோடு இருந்ததையே வேட்டியில் முடிந்து கொண்டு வந்து மேசையில் வைத்தார், அன்றைக்கு டியூட்டி டாக்டர் நாற்காலி மேல் ஏறினது இன்னும் வார்டில் பேச்சாக இருக்கிறது. தயவுசெய்து கொண்டு வராதீர்கள். வெட்டிப்போட்ட தலை கூடக் கொஞ்ச நேரம் கடிக்கும். பாம்பைத் தேடி அடிப்பதில் அரை மணி நேரம் போகும், தேடுகிற இன்னொருவர் கடி வாங்குவார். நம் நாட்டில் கிடைப்பது ஒரே மருந்துதான், ஏ.எஸ்.வி. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. எந்தப் பாம்பு என்று தெரிந்தால் எதை எதிர்பார்த்துக் காவல் இருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். தள்ளி நின்று போனில் ஒரு போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் ஓடி வாருங்கள்.

சரி, பத்து குப்பி கணக்குக்கு வருகிறேன். இது தெரிந்தால் பாதிப் பிரச்சினை புரியும். ஒரு குப்பியில் இருப்பது வெள்ளைப் பொடி. அதை 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒவ்வொரு மில்லியும் கண்ணாடி விரியன் விஷத்தில் 0.6 மில்லிகிராமைச் செயலிழக்க வைக்கும். ஆக ஒரு குப்பிக்கு 6 மில்லிகிராம். கண்ணாடி விரியன் சராசரியாக இறக்கக்கூடியது சுமார் 63 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் ஆரம்பமே எட்டிலிருந்து பத்து குப்பி. இரண்டு குப்பி போட்டுவிட்டுப் "போட்டாச்சு" என்று சீட்டில் எழுதி அனுப்புவது போடாததற்குச் சமம். குழந்தைக்கும் அதே பத்துதான். பாம்பு குழந்தை என்று பார்த்துக் குறைத்துக் கடிக்கிறதா என்ன?

கலக்குவதும் நினைக்கிற மாதிரி சுலபமில்லை. பொடிக்குள் தண்ணீரை விட்டதும் வேகமாகக் குலுக்கினால் நுரை நுரையாகப் பொங்கி மருந்து வீணாகும். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், கட்டி கரைந்து தெளியும் வரை. ஒரு குப்பிக்கே சில நிமிடங்கள் ஆகும். பத்து குப்பி என்றால் நான், இன்னொரு சிஸ்டர், ஆஸ்பத்திரிப் பணியாளர் அக்கா என்று ஆளுக்கு இரண்டு கையிலும் உருட்டிக்கொண்டு நிற்போம். ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் சும்மா கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பதாகத்தான் தெரியும். அப்புறம் சலைனில் சேர்த்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மருந்து இல்லாமல் சாவது பழைய கதை. இப்போது தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஏ.எஸ்.வி. வைக்கிறார்கள். இலவசம். மருந்து இருந்தும் அந்த முதல் பத்து குப்பியைக் கிட்ட இருக்கிற இடத்தில் போடாமல் "மேல் சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதி வண்டியில் ஏற்றிவிடுவதுதான் இன்றைய கதை.

கரும்புத் தோட்டத்தில் சோகை உரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. மதியம் கணுக்காலில் கடி, கண்ணாடி விரியன்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முதலில் பக்கத்து ஊரில் ஒரு தனியார் கிளினிக். அங்கே டி.டி. ஊசி ஒன்று, வலிக்கு ஒன்று. ரத்தம் உறையாத உடம்பில் தேவையில்லாமல் சதையில் ஊசி குத்தக்கூடாது, குத்திய இடம் கன்றி உள்ளே ரத்தம் கட்டும். அந்த அக்கா வரும்போது கையில் அப்படித்தான் இருந்தது. அங்கிருந்து ஒரு சுகாதார நிலையம். அங்கே மருந்து இருந்திருக்கிறது, போடவில்லை, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு எங்களிடம். கடித்து நாலரை மணி நேரம் ஆகியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம், துணியில் துடைத்துத் துடைத்துப் புடவை முந்தானையே சிவப்பாகிவிட்டது. டியூபைச் சாய்த்தேன், அப்படியே ஓடியது. பத்து குப்பி போட்டு, ஆறு மணி நேரம் கழித்து மறுபடி டியூப் வைத்து, மறுபடி போட்டு, ரத்தம் உறைய ஆரம்பித்தது. ஆனால் சிறுநீர் நின்றுவிட்டது. கடைசியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பி டயாலிசிஸ் செய்து பிழைத்தார். அந்த மதியமே, முதலில் போன அரசு இடத்திலேயே மருந்து ஏறியிருந்தால் கிட்னி தப்பித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் விஷம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதுதான் மருந்து அதைப் பிடிக்கும். திசுவில் போய் உட்கார்ந்து கெடுத்தபின் கெட்டதை எந்தக் குப்பியும் திருப்பித் தராது. ஆறு மணி நேர இடைவெளி எதற்கு என்றால், மருந்து விஷத்தைப் பிடித்தபின்னும் ஈரல் உறைவுப் பொருட்களைப் புதிதாகச் செய்து தர அவ்வளவு நேரம் வேண்டும். அதற்குள் பதறிப்போய்க் குப்பி மேல் குப்பியாகப் போடுவதிலும் பிரயோஜனம் இல்லை.

ஏன் போடாமல் அனுப்புகிறார்கள்? சோம்பலால் என்று எழுதினால் எனக்கே பொய் சொல்கிறேன் என்று தெரியும். பயம். குதிரையின் ரத்தத்திலிருந்து செய்த மருந்து, அதனால் ரியாக்‌ஷன் வரும், அடிக்கடியே வரும். ஐந்து நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும், வாந்தி, குளிர் தூக்கிப்போடும், சிலருக்கு மூச்சு இழுக்கும், பிரஷர் விழும். சின்ன சுகாதார நிலையத்தில் ராத்திரி ஒரு நர்ஸ், ஒரு டாக்டர், சில சமயம் அந்த டாக்டரும் போனில். மருந்து போட்டதும் ஆள் நடுங்கிச் சாய்ந்தால், "நல்லாப் பேசிட்டிருந்தவன ஊசி போட்டுக் கொன்னுட்டாங்க" என்று வாசலில் கூட்டம் கூடிவிடும். பாம்பு கொன்றால் விதி. ஊசி போட்டபின் செத்தால் கொலை. இந்தக் கணக்கை மனதுக்குள் போட்டுப் பார்க்கிற யாருக்கும் சீட்டு எழுதத்தான் தோன்றும்.

ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ரியாக்‌ஷனுக்கு அட்ரினலின் இருக்கிறது, தொடையில் அரை மில்லி, சில நிமிடத்தில் கேட்கும். டிரிப்ஸை நிறுத்து, அட்ரினலின் போடு, சரியானதும் மறுபடி மெதுவாக ஆரம்பி. அவ்வளவுதான் பாடம். ரத்தத்தில் ஓடுகிற விஷத்துக்கு இந்த மாதிரி ஒரு ஊசி கிடையாது. இலங்கையில் ஆயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அங்கேயும் நம் இந்திய மருந்துதான் போடுகிறார்கள், முக்கால்வாசிப் பேருக்கு ஏதோ ஒரு ரியாக்‌ஷன் வந்தது. ஆனால் மருந்துக்கு முன்னாலேயே தோலுக்கடியில் கால் மில்லி அட்ரினலின் போட்டவர்களுக்கு, முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடுமையான ரியாக்‌ஷன் 43 சதவீதம் குறைந்தது. முன்பெல்லாம் தோலில் துளி மருந்து குத்திச் சோதனை பார்த்து நேரத்தைக் கடத்துவார்கள். அது யாருக்கு ரியாக்‌ஷன் வரும் என்று சொல்லாது என்று தெரிந்து, விட்டாயிற்று.

வென்டிலேட்டர் இல்லை, டயாலிசிஸ் இல்லை என்றால் கண்டிப்பாகப் பெரியாஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். போட்டுவிட்டு அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன். மருந்து ஏறிக்கொண்டே 108இல் போகட்டும். சீட்டில் எத்தனை மணிக்குக் கடி, எத்தனை மணிக்கு டியூப், எத்தனை குப்பி என்று மூன்று வரி எழுதினால் அடுத்த இடத்தில் இருக்கிறவர்கள் கும்பிடுவார்கள். "பாம்புக்கடி, அனுப்பப்படுகிறது" என்று மட்டும் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இது விரியன் கதை. கட்டுவிரியன் பேரில் மட்டும்தான் விரியன், அது வேறு மாதிரி, எனக்கு அதுதான் அதிகப் பயம். மழைக்காலத்து ராத்திரி எலியையோ வேறு பாம்பையோ தேடிக்கொண்டு வீட்டுக்குள் வரும், தரையில் பாயில் படுத்திருப்பவர் புரண்டால் கடிக்கும். வலி இருக்காது. பல் பட்ட இடமே தெரியாது. "ஏதோ பூச்சி கடிச்ச மாதிரி இருந்துச்சி" என்று மறுபடி தூங்கிவிடுவார்கள். விடிகாலையில் வயிற்று வலி, வாந்தி. ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று கேஸ் மாத்திரை வாங்கி விழுங்குவார்கள். கொஞ்ச நேரத்தில் கண் சொக்கும். தூக்கக் கலக்கம் என்று முகம் கழுவச் சொல்வார்கள். அதனால் எங்கள் வார்டில் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தரையில் படுத்தவர், காலையில் வயிற்று வலி, இமை தொங்குகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காதே. தலையை அசைக்காமல் என் விரலை மேலே பார் என்று சொல், தலையணையிலிருந்து கழுத்தைத் தூக்கச் சொல், ஒரே மூச்சில் ஒன்று இரண்டு மூன்று எண்ணச் சொல். முதலில் முப்பது வரை எண்ணியவர் அரை மணி கழித்துப் பதினைந்தில் நின்றால் மூச்சுத் தசை விழுந்துகொண்டிருக்கிறது.

கட்டுவிரியன் விஷம் நரம்பின் நுனியையே கெடுக்கிறது. கெட்டபின் ஏ.எஸ்.வி.யால் சரிசெய்ய முடியாது, நுனி புதிதாக வளர வேண்டும், நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அதுவரை வென்டிலேட்டர்தான் உயிர். நல்லபாம்பு விஷம் நரம்புக்கு அந்தப் பக்கம், தசையில் வேலை செய்வதால் அட்ரோபினோடு நியோஸ்டிக்மின் போட்டால் சிலருக்குக் கண்ணெதிரிலேயே இமை தூக்கும், பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். கட்டுவிரியனுக்கு அந்தச் சந்தோஷம் பெரும்பாலும் கிடையாது. கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ஆம்பு பையை அழுத்திக்கொண்டே வண்டியில் போக வேண்டியதுதான், நிறுத்தாமல், முறைபோட்டு. பல தடவை மச்சானோ தம்பியோ கூட வந்து எங்களோடு மாற்றி மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். அப்போது கை கால் அசையாது, இமை அசையாது, கண்மணி கூட விரிந்து நின்றுவிடும், போய்விட்டார் என்றே தோன்றும். ஆனால் உள்ளே ஆள் முழு நினைவோடு இருக்கலாம், எல்லாம் காதில் விழும். குணமாகித் திரும்பி வந்து ஒரு பையன் சொன்னான், "அந்தச் சித்தப்பா எங்க நிலத்தப் பத்தி என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியும்" என்று. அதனால் அவர்கள் பக்கத்தில் நின்று ஒப்பாரி வைக்காதீர்கள், சொத்துக் கணக்கும் பேசாதீர்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, மருந்து ஏறுது, பெரியாஸ்பத்திரிக்குப் போறோம் என்று சொல்லிக்கொண்டே இருங்கள்.

மந்திரிப்பவர்கள் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் பக்கம் பார்வை பார்க்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா, மிளகு காரமாக இருக்கிறதா என்று கேட்பார்கள், கசந்தால் விஷம் இல்லை. விஷக்கல் வைப்பவர், வேர் கொடுப்பவர், தண்ணீர் ஓதித் தெளிப்பவர் எல்லோருக்கும் கூட்டம் உண்டு. சாரையும் தண்ணிப்பாம்பும் வெறும் கடியும் இத்தனை இருக்கும்போது பத்தில் ஏழெட்டுப் பேர் தானாகவே பிழைப்பார்கள், பேர் அவருக்குப் போகும். இதை வைத்து அவர்களை மோசடிக்காரர்கள் என்று திட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருகிறவர் ஊருக்குள் அவர் ஒருவர்தான். எங்கள் எல்லைக்குள் ஒரு தாத்தாவிடம் எங்கள் டாக்டர் நேரில் போய்ப் பேசினார். இப்போது அவர் விபூதி பூசி, "பாத்துட்டேன், இனிமே ஒண்ணும் ஆகாது, ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புகிறார். அவர் வாக்குக்கு இருக்கிற மரியாதையில் ஆள் வண்டியில் ஏறிவிடுகிறது. எங்கள் விழிப்புணர்வு நோட்டீஸ் செய்யாததை அவருடைய விபூதி செய்கிறது.

எதிர்ப்பது கட்டுவதையும் கீறுவதையும்தான். கயிறு, துண்டு, சைக்கிள் டியூப், ஒயர் என்று கையில் கிடைத்ததால் இறுக்கிக் கட்டி, கால் நீலம் பாரித்து வருகிறார்கள். விரியன், நல்லபாம்பு இரண்டுக்கும் விஷத்தை ஒரே இடத்தில் பூட்டி வைத்தால் அந்த இடம் அழுகும், படக்கென்று அவிழ்த்தால் மொத்தமும் ஒரே அடியாக மேலே ஏறும். கட்டோடு வந்தால் நாங்களே மருந்து, சலைன் எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பார்த்துத்தான் அவிழ்ப்போம். பிளேடால் கீறினால் உறையாத ரத்தம் நிற்கவே நிற்காது. வாயால் உறிஞ்சுவது சினிமாவோடு போகட்டும். எலும்பு முறிந்தால் மட்டை வைத்துக் கட்டுவோமே, அதே மாதிரி அசையாமல் கட்டி, மெட்டி, கொலுசு, மோதிரத்தை வீக்கம் ஏறுவதற்குள் கழற்றிவிட்டு, நடக்க விடாமல் தூக்கி வாருங்கள். 108 வர நேரமாகும் என்றால் பைக்கில் நடுவில் உட்கார வைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தால் போதும். நேபாளத்தின் தென்கிழக்குத் தராய்ப் பகுதியில் இதையே திட்டமாகச் செய்தார்கள், ஊருக்கு ஊர் பைக் வைத்திருக்கும் தொண்டர்களை ஏற்பாடு செய்து. கடிபட்டவர்களில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்த இறப்பு ஒன்றுக்கும் கீழே போனது. புது மருந்து எதுவும் இல்லை, வண்டிதான்.

எங்கள் குப்பிக்குள் இருப்பதன் ஆரம்பமும் பக்கத்தில்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத் தோல் வியாபாரம் நின்று, அதையே நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் வழியில்லாமல் நின்றபோது, பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் கூட நின்று 1978இல் தொடங்கியது. வாய்க்குத் துணி கட்டிய மண்பானைகளில் பாம்புகள் இருக்கும். சுமார் மூன்று வாரம் வைத்து, வாரத்துக்கு ஒரு தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் போட்டு, மறுபடி காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டில் இந்த மருந்துக்குப் போகும் விஷத்தில் சுமார் 80 சதவீதம் இங்கிருந்து என்று சொல்கிறார்கள். அந்த விஷத்தைக் கம்பெனிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்குக் கொடுத்து, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துப் பொடியாக்குகிறார்கள். 1890களில் பிரெஞ்சு விஞ்ஞானி கால்மெட் தொடங்கிய வழி, பெரிதாக மாறவில்லை. இருளர்களில் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்ல காரியம். அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழுக்கு நடையாய் நடக்க வேண்டியிருப்பது வேறு விஷயம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரே வகைப் பாம்பின் விஷம் ஊருக்கு ஊர் வேறுபடும். செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கத்துப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானிலும் வங்காளத்திலும் அதே அளவு கேட்பதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் வரிசையாகக் காட்டியிருக்கிறார்கள். அங்கே நான்கில் சேராத வேறு கட்டுவிரியன்களும் வேறு நாகமும் இருக்கின்றன. நமக்கு உள்ளூர்ச் சரக்கு என்பதால் ஓரளவு அதிர்ஷ்டம். மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போனால் அதுவும் முடிந்தது: மூக்கு மேலே தூக்கியிருக்கிற குழிவிரியன் ஒன்று கேரளப் பக்கமும் இலங்கையிலும் கடிக்கிறது, அதற்கு இந்த ஏ.எஸ்.வி. வேலை செய்யாது. தோட்டத் தொழிலாளர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

எத்தனை பேர் சாகிறார்கள் என்பதே ரொம்ப காலம் சரியாகத் தெரியாது. 2005ஆம் ஆண்டுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த கணக்கில் இந்தியாவில் சுமார் 46,000 சாவு, அதில் ஆஸ்பத்திரியில் நடந்தது நான்கில் ஒன்று கூட இல்லை. பின்னால் வந்த கணக்கு 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரி 58,000 என்கிறது. வீட்டிலும் வழியிலும் செத்தவர்கள் எங்கள் ரிஜிஸ்டரில் வருவதில்லை. உலக சுகாதார நிறுவனமே 2017இல்தான் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தார்கள், தனியார் மருத்துவமனைகளும் கணக்குக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு எழுத்து வேலை ஒன்று கூடியது. முணுமுணுத்துக்கொண்டே எழுதுகிறோம், ஆனால் எங்கே எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எங்கே எத்தனை குப்பி என்று முடிவாகும்.

கடைசியாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. டிஸ்சார்ஜ் ஆகி ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டு வலி, அரிப்பு வரலாம். விஷம் மிச்சம் இருக்கிறது, இறங்கவில்லை என்று பயந்து வேர் வாங்கப் போய்விடுகிறார்கள், உப்பில்லாத பத்தியம் வேறு. அது விஷம் இல்லை, குதிரைப் புரதத்துக்கு உடம்பு தாமதமாகக் காட்டுகிற எதிர்ப்பு, ஒரு வாரம் மாத்திரை போட்டால் அடங்கிவிடும். சிறுநீர் குறைந்தாலோ முகம் வீங்கினாலோ, கடித்த இடம் கறுத்துத் தோல் உரிந்தாலோ அதே நாள் வர வேண்டும். சீட்டின் பின்பக்கம் இதைத் தமிழில் கையால் எழுதிக் கொடுக்கிறேன். படிக்கத் தெரியாதவர்களுக்குக் கூட வந்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளையை உட்கார வைத்து ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன்.